தாதர் பிளாட்பாரத்தில் நின்றவர்கள்

மும்பையில் எந்தத் தமிழ் அமைப்பின் விழா மலரைப் புரட்டினாலும் முதல் இருபது பக்கம் ஒரே மாதிரிதான் இருக்கும். வாழ்த்துச் செய்திகள், தலைவர்களின் வரிசைப் படங்கள், அடிக்கல் நாட்டிய நாள், கட்டட நிதி கொடுத்தவர்களின் பட்டியல், ஊரிலிருந்து வந்து பேசிவிட்டுப் போன பெருமக்களின் பெயர்கள். குறையாகச் சொல்லவில்லை, அவையும் வேண்டியவைதான். ஆனால் இந்த நகரத்தில் நம் அமைப்புகள் செய்த மிகப் பெரிய வேலை அந்தப் பக்கங்களில் இருக்காது. புதிதாக வந்து இறங்கியவனை அழைத்துக்கொண்டு போய்ப் படுக்க இடம் காட்டி, மெஸ்ஸில் சொல்லிவைத்து, வேலைக்குச் சிபாரிசு செய்து, ரேஷன் கார்டு வாங்கிக் கொடுத்து, காய்ச்சலில் விழுந்தால் சயான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய், நாளடைவில் அவனையே இன்னொரு புதியவனுக்கு வழி சொல்லும் ஆளாக மாற்றிய வேலை அது. அதற்கு மினிட்ஸ் புத்தகம் கிடையாது. செய்தவர்களில் பலர் எந்தக் கமிட்டியிலும் இருந்ததில்லை. சந்தா பாக்கி வைத்திருந்தவர்களும் உண்டு.

இந்த விழா மலரின் குழுவினர் என்னிடம் கேட்டது மும்பைத் தமிழ் அமைப்புகளின் வரலாறு. நான் எழுதப்போவது அவற்றின் பின்கட்டு வரலாறு.

பம்பாய்க்கும் சென்னைக்கும் இடையே ரயில் வழி 1871ல் முழுமையானது. அங்கிருந்து வந்த பாதையும் இங்கிருந்து போன பாதையும் ராய்ச்சூரில் சந்தித்தன. ஆனால் தாராவித் தமிழர்களில் பெரும்பாலோருக்குச் சொந்த ஊர் சென்னை அல்ல, திருநெல்வேலிச் சீமை. அங்கிருந்து மதுரை வழியாக எழும்பூர் போகும் பாதை நெடுங்காலம் மீட்டர்கேஜ். எழும்பூரில் இறங்கி, டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு சென்ட்ரலுக்குப் போய், அங்கே பம்பாய் வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். முன்பதிவில்லாப் பெட்டியில் கழிப்பறைக் கதவோரம் இடம் கிடைத்தாலே பெரிது. அப்படி வந்து தாதரில் இறங்குகிறவன் கையில் ஒரு முகவரிச் சீட்டு இருக்கும். அதில் தாராவி என்றும் ஒரு பேர் என்றும் எழுதியிருக்கும். தெருப்பெயர் இருக்காது, ஏனென்றால் தெருவுக்கே பெயர் இருக்காது. ஸ்டேஷனில் ஆள் வந்து நின்றிருந்தால் பிழைத்தான். இல்லையென்றால் அன்றைய இரவு பிளாட்பாரம்தான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இதே நகரத்துக்கு 1947க்குப் பிறகு அகதிகள் வந்தார்கள். சிந்திகளுக்குக் கல்யாண் அருகே ராணுவ முகாமைத் திறந்துவிட்டார்கள், அதுதான் பின்னால் உல்லாஸ்நகர் ஆனது. செம்பூரிலும் ஒரு முகாம் இருந்தது. செம்பூர் கேம்ப் என்ற பேர் இன்றும் பழக்கத்தில் உண்டு. சயான் கோலிவாடாவில் பஞ்சாபிகளுக்கு இடம் ஒதுக்கினார்கள். பட்ட துயரத்துக்கு அது ஈடாகாது என்றாலும், அவர்களைக் கணக்கெடுக்க அரசில் ஒரு துறை இருந்தது. நம்மவன் அகதி இல்லை. சொந்த நாட்டுக்குள் இடம் மாறியவன். கடவுச்சீட்டு வேண்டாம், விசா வேண்டாம். அதனாலேயே அவனைக் கவனிக்க ஒரு மேசையும் இல்லை. மொழி தெரியாது, எழுத்துப் படிக்க வராது, தெரிந்த முகம் கிடையாது. ஆனாலும் சட்டப்படி அவன் உள்ளூர்க்காரன். அரசு போடாத அந்த மேசையைப் போட்டவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அந்த மேசைகளில் ஒன்று மாட்டுங்காவில் போடப்பட்டது. 1896ல் பிளேக் நோய் பம்பாயை உலுக்கியது. நெரிசலைக் குறைக்க 1898ல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைத்தார்கள். தாதர், மாட்டுங்கா, சயான் பக்கத்து வயல்களும் சதுப்பும் மனைகளாயின. 1915ல் மாட்டுங்காவில் ரயில்வே பெட்டிப் பணிமனை வந்தது. 1920களிலும் 30களிலும் எழுந்த புதிய மாடிக் குடியிருப்புகளுக்குப் பெருவாரியாகக் குடிவந்தவர்கள் தென்னிந்தியர்கள். ஆங்கிலமும் டைப்ரைட்டிங்கும் தெரிந்த இளைஞர்கள், தஞ்சாவூர், பாலக்காடு, திருநெல்வேலி அக்ரகாரத்துப் பிள்ளைகள். வரலாற்றாசிரியர் நிகில் ராவ் இந்தக் குடியேற்றத்தை விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். வீட்டுக்குள்ளேயே கழிப்பறை அமைந்த அந்த அடுக்குமாடி வீடுகளுக்கு ஆசாரக்காரர்கள் எப்படித் தங்களைப் பழக்கிக்கொண்டார்கள் என்று அவர் சொல்லும் பகுதி சுவையானது.

அந்த இளைஞன் வந்து இறங்கியதும் போய்ச் சேர்ந்த இடம் மெஸ். மணீஸ் லஞ்ச் ஹோம் 1937லும் கஃபே மெட்ராஸ் 1940லும் ராம நாயக்கின் உடுப்பி கிருஷ்ணா போர்டிங் 1942லும் தொடங்கியவை. இவற்றைச் சாப்பாட்டுக் கடைகள் என்று மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். பிரம்மச்சாரிகள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு அறை எடுத்திருப்பார்கள். சமையலுக்கு வழியில்லை, மாதக் கணக்கில் மெஸ்தான். எந்தக் கம்பெனியில் ஸ்டெனோ இடம் காலியாகிறது, எந்த மேனேஜர் நம்மவர், எந்த வீட்டுக்காரர் பிரம்மச்சாரிக்கு இடம் கொடுப்பார் என்ற செய்தியெல்லாம் ரசத்துக்கும் மோருக்கும் நடுவே கைமாறின. வேலைவாய்ப்பு அலுவலகம் என்று பலகை மாட்டாத வேலைவாய்ப்பு அலுவலகம். இலை போட்டவர்களில் பலர் உடுப்பிக்காரர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. தமிழனுக்கு இங்கே முதலில் வயிற்றுக்கு வழி செய்தவர்களில் பாதிப்பேர் துளுவும் கொங்கணியும் பேசியவர்கள்.

மெஸ் வயிற்றைப் பார்த்துக்கொண்டது. மற்றதற்குச் சங்கங்கள் வந்தன. பஜனை சமாஜமும் ஆஸ்திக சமாஜமும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்களைக் கூட்டின. பிள்ளைகள் பிறந்ததும் பள்ளி வேண்டியிருந்தது. 1932ல் எம்.வி. வெங்கடேஸ்வரன் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார். மனைவியின் தங்க வளையல்களைப் பணமாக்கித்தான் முதல் போட்டார். இன்று எஸ்.ஐ.இ.எஸ். என்றால் சயான் கல்லூரியும் நெருல் வளாகமும் நினைவுக்கு வருகின்றன; தொடங்கியபோது அது மாட்டுங்காவில் ஒரு சிறு பள்ளி. வளையலைக் கழற்றிக் கொடுத்த அம்மாளின் படத்தை முதல் பக்கத்தில் போட்ட மலர் ஒன்றையும் நான் பார்த்ததில்லை. வடாலாவில் தென்னிந்தியர் நலச் சங்கமும் அதே 1930களில் பள்ளி நடத்தப் புறப்பட்டது. 1952ல் சண்முகானந்த சபா உருவானது, 1963ல் கிங்ஸ் சர்க்கிளில் அதன் பெரிய அரங்கம் திறந்தது. அதற்குள் மாட்டுங்காக்காரர் புதியவர் என்ற நிலையைத் தாண்டிவிட்டார்.

தண்டவாளத்துக்கு மேற்கே கதை வேறு. மாட்டுங்காவிலிருந்து தாராவிக்கு நடந்தே போய்விடலாம். நடுவில் சென்ட்ரல் ரயில்வே லைன், அவ்வளவுதான். ஆனால் மாட்டுங்காவின் மேசையில் தாராவிக்காரனுக்கு நாற்காலி போடப்படவில்லை. விழா மலரில் இதைச் சொல்வது சிலருக்கு உவப்பாக இருக்காது. சொல்லாமல் விட்டால் எழுதுவது வரலாறாக இருக்காது.

தாராவியில் முதல் தோல் பதனிடும் ஆலை வந்தது 1887ல். அதை ஒட்டித் தமிழ்நாட்டிலிருந்து தோல் தொழில் தெரிந்த முஸ்லிம்களும் ஆதி திராவிடத் தொழிலாளர்களும் வந்தார்கள். பிறகு நாடார்கள், தேவர்கள், இன்னும் பலர். சதுப்பை ஆலைக் கழிவும் நகரக் குப்பையும் கொட்டித் தூர்த்துத்தான் குடிசை போட்டார்கள். ஊரில் சேரிக்கு வெளியே கால் வைக்க முடியாதவன் இங்கே வந்து பாஸ்போர்ட் அளவு இடத்தில் குடிசை போட்டுக்கொண்டு, அதை என் இடம் என்றான். அது சின்ன விஷயமில்லை. 1913ல் தாராவியில் எழுந்த பிள்ளையார் கோயிலும், தென்னிந்திய ஆதி திராவிட மகாஜன சங்கமும் அந்த மக்களின் முதல் பொது முகவரிகள். இன்றும் தைப் பொங்கலன்று அந்த வட்டாரத்தில் பெண்கள் வரிசையாக அடுப்பு மூட்டிப் பொங்கல் வைப்பதைப் படம் பிடிக்க எல்லாப் பத்திரிகைக்காரர்களும் வந்துவிடுகிறார்கள்.

புதியவனிடம் தாராவியில் கேட்கப்பட்ட முதல் கேள்வி, "ஏலே, எந்த ஊரு?" இரண்டாவது, "யாரு வீட்டுப் பிள்ள?" இரண்டாவது கேள்வி சாதியைக் கேட்கிறது என்பது இருவருக்கும் தெரியும். பதிலைப் பொறுத்து அவன் போய்ச் சேரும் சந்து முடிவாகும். ஊர்ச் சங்கங்கள் என்று நாம் அன்போடு சொல்லும் அமைப்புகள் பெரும்பாலும் ஒரே ஊரின் ஒரே சாதிக்காரர்களின் கூட்டம்தான். ஆளுக்கு இத்தனை என்று மாதம் பிரித்து ஒரு ரூம் பிடித்துவைத்திருப்பார்கள். வேலை கிடைக்கும்வரை புதுசாக வந்தவன் அங்கே படுத்துக்கொள்ளலாம். பகல் ஷிப்ட்காரன் எழுந்த பாயில் இரவு ஷிப்ட்காரன் வந்து படுப்பான். யாராவது இறந்தால் ஊருக்குத் தந்தி கொடுப்பதும் அடக்கச் செலவும் சங்கத்தின் பொறுப்பு. கோவாக்காரர்கள் தோபி தலாவ், மஸ்காவ் பக்கம் கிராமத்துக்கொரு கூடம் வைத்திருந்தார்களே, கப்பல் வேலைக்கு வந்தவர்கள் தங்குவதற்கு, அதே ஏற்பாடுதான். நியூயார்க்கில் யூதர்களும் ஊர்வாரியாகச் சங்கம் வைத்துப் புதியவர்களுக்குக் கடனும் கல்லறை நிலமும் கொடுத்தார்கள். வந்த இடத்தில் யாருமில்லாதவன் எங்கேயும் ஊர்ப்பேரைத்தான் முதலில் பிடித்துக்கொள்கிறான்.

நம் ஏற்பாட்டில் இருந்த கோளாறு, சந்து மாறி வந்தவனுக்கு யாரும் பொறுப்பில்லை என்பது. தன் சாதிக்குச் சங்கம் இல்லாத ஊரிலிருந்து வந்தவன், வீட்டைவிட்டு ஓடி வந்த பையன், காதலித்து மணந்துகொண்டு வந்த ஜோடி, இவர்களெல்லாம் எந்தப் பட்டியலிலும் சேரவில்லை. நாஞ்சில் நாடன் 1970களில் இங்கே வேலைக்கு வந்தவர். அவருடைய 'மிதவை' நாவல் 1986ல் வெளிவந்தது. படித்துவிட்டு வேலை தேடிப் பம்பாய்க்கு வரும் இளைஞன் யாருக்கும் உரியவனாக இல்லாமல் அலைவதை அதில் பார்க்கலாம். நம் சங்க அறிக்கைகளில் காணாமல் போனவனை ஒரு நாவலில் தேட வேண்டியிருக்கிறது.

சரி, அந்தத் தன்னார்வலர்கள் என்னதான் செய்தார்கள்? கிட்டே போய்ப் பார்ப்போம்.

முதல் பாடம் எண்கள். பெஸ்ட் பஸ்ஸின் நெற்றியில் தடம் எண் தேவநாகரியில் எழுதியிருக்கும். ஆங்கில எண் பக்கவாட்டில். பஸ் நின்று பக்கவாட்டைப் பார்ப்பதற்குள் கூட்டம் ஏறிவிடும். ஆகவே எதிரே வரும்போதே படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஒன்றும் ஒன்பதும் புதுக் கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும். ஐந்தையும் ஆறையும் தப்பாகப் படிப்பவர்கள் உண்டு. இரவு விளக்கடியில் சிமெண்டுத் தரையில் கரித்துண்டால் பத்து எண்ணையும் எழுதிக்காட்டி, மறுநாள் காலை பஸ் ஸ்டாப்பில் நிறுத்தித் தேர்வு வைத்தவர்கள் இருந்தார்கள். அவர்களில் பலர் நாலாம் வகுப்பு தாண்டாதவர்கள். இந்திக்குப் போவதற்கு முன்னால் இந்த எண்பாடம்; இந்தி தானாக வந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. வரவும் செய்தது, தாராவிக்கே உரிய ஒரு இந்தி.

அடுத்தது ரேஷன் கார்டு. அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் மட்டுமல்ல, நீ இந்த ஊர்க்காரன் என்பதற்கே அன்று அதுதான் சாட்சி. ஊரில் இருக்கும் கார்டிலிருந்து பெயரை நீக்கியதாகத் தாலுகா வழங்கல் அலுவலகத்தின் சான்று வேண்டும். அந்தச் சான்று தமிழில் இருக்கும். இங்கே ரேஷன் அலுவலகத்தில் மராத்தி தெரிந்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அதை மொழிபெயர்த்து, மனு எழுதி, முத்திரை ஒட்டி, கூடவே போய் வரிசையில் நின்று, நாளை வா என்றால் நாளையும் போய் நிற்க ஓர் ஆள் வேண்டும். அன்றைய கூலி போய்விடும். சினிமாவில் தாராவித் தமிழனைக் காப்பாற்றுகிறவர் எப்போதும் வெள்ளை வேட்டி கட்டிய தாதா. 'நாயகன்' 1987ல் வந்ததிலிருந்து ஊரில் உள்ளவர்கள் நம்மைப் பார்த்து அதையேதான் விசாரிக்கிறார்கள். நிஜத்தில் ஒரு சந்தின் பெரிய மனிதர் பெரும்பாலும் கையெழுத்து அழகாக இருந்தவர். மனு எழுதுபவர், மணியார்டர் பாரம் நிரப்புபவர், ஊரிலிருந்து வந்த கடிதத்தைப் படித்துக்காட்டி, அழ வேண்டிய இடத்தில் சற்று நிறுத்துபவர்.

1976ல் மகாராஷ்டிர அரசு குடிசைகளைக் கணக்கெடுத்து ஃபோட்டோ பாஸ் கொடுத்தது. குடும்பம் குடிசை வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும். எண் போட்ட பலகை கையில். வேலைக்குப் போயிருந்தவன் படத்தில் விழவில்லை. ஆள் அனுப்பி ஆலையிலிருந்து கூட்டிவந்து நிறுத்திய தெருக்களில் எல்லாருக்கும் பாஸ் கிடைத்தது. யாரும் மெனக்கெடாத தெருக்களில் பல குடும்பங்கள் காகிதமில்லாமல் போயின. ஒரு பகல் நேரத்தில் ஒருவர் ஓடியதும் ஓடாததும் பிள்ளைகள் தலைமுறைக்கு வீட்டுரிமையாகவோ வீடில்லாமையாகவோ வந்து விடிந்திருக்கிறது.

பெண்கள் செய்தது இதைவிடக் கண்ணில் படாத வேலை. கல்யாணமாகி நேராக இங்கே வந்து இறங்கிய பதினெட்டு வயதுப் பெண்ணுக்குக் குழாயடியில் இடம் பிடித்துக் கொடுத்தது, தண்ணீர் எந்த நேரம் வரும் என்று சொன்னது, சீட்டில் சேர்த்துவிட்டது, விடியுமுன் பொதுக் கழிப்பறைக்குக் கூட்டமாகச் சேர்ந்து போகப் பழக்கியது எல்லாம் பக்கத்து வீட்டு அக்காமார்கள். இட்லி அவித்து, நகரெங்கும் விற்கப் போகிறவர்களுக்குக் கொடுக்கும் வீடுகள் தாராவியில் ஏராளம். அந்த வீடுகளில் மாவாட்டும் வேலைதான் பல பெண்களுக்கு இந்த நகரத்தில் கிடைத்த முதல் சம்பளம். பிரசவ வலி எடுத்தால் சயான் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போய், டாக்டர் கேட்பதற்கெல்லாம் அவளுக்காகப் பதில் சொன்னவர்களும் அவர்களே. எந்தச் சங்கத்தின் மகளிர் அணிப் பட்டியலிலும் இவர்கள் பெயர் வராது. மகளிர் அணி என்று ஒன்று வருவதற்கு முன்பே இந்த வேலை நடந்துகொண்டிருந்தது.

1966 ஜூனில் சிவசேனை தொடங்கியபோது அதன் முதல் குறி தென்னிந்தியர்கள். அதற்கு முன்பிருந்தே 'மார்மிக்' வார இதழ் கம்பெனிகளில் உள்ள தென்னிந்தியப் பெயர்களை வரிசையாக அச்சிட்டுக் கணக்குக் காட்டிவந்தது. லுங்கியை விரட்டு என்ற கோஷம் எழுந்தது, உடுப்பி ஓட்டல்கள் தாக்கப்பட்டன. மாட்டுங்காவின் குமாஸ்தாவும் தாராவியின் கூலியும் முதல்முறையாக ஒரே வசவைக் கேட்டார்கள். அடி வாங்கும்போது மட்டும் இருவரும் மதராசி. அந்தக் காலத்தில்தான் தண்டவாளத்துக்கு இருபுறமும் கொஞ்சம் போக்குவரத்து ஏற்பட்டது என்று பெரியவர்கள் சொல்வார்கள். நிலைத்ததா என்றால், அவரவர் வாசலுக்கு அவரவர் திரும்பிவிட்டார்கள் என்பதே என் எண்ணம்.

மாட்டுங்கா, தாராவி என்ற இந்த இரண்டு கதைகளுக்கும் நடுவில் வளர்ந்தது செம்பூர். 1950களில் டிராம்பேயில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் அணுசக்தி நிலையமும், பின்னர் உரத் தொழிற்சாலையும் வந்தன. மாட்டுங்காவில் இடம் போதாதவர்கள் செம்பூருக்கு நகர்ந்தார்கள். ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியும் செட்டா நகர் முருகன் கோயிலும் அந்தக் குடியேற்றத்தின் அடையாளங்கள். அதே செம்பூரிலிருந்து சற்று கிழக்கே, மான்கூர்டு பக்கம் ஜனதா காலனி என்ற குடிசைப் பகுதி இருந்தது. 1960களில் கோலார் தங்கவயலிலிருந்து ஒரு தமிழ் இளைஞர் தச்சு வேலை தேடிவந்து அங்கே ஒண்டினார். ஜாக்கின் அற்புதம்.

காலனியில் குப்பை அள்ள யாரும் வருவதில்லை. ஜாக்கின் பிள்ளைகளைப் பாட்டுக்கும் விளையாட்டுக்கும் கூட்டிவைத்திருந்தார். ஒருநாள் ஆளுக்கு ஒரு பொட்டலம் குப்பை எடுத்துவரச் சொல்லி ஊர்வலமாக நடத்திப் போய் மாநகராட்சி அலுவலக வாசலில் கொட்டச் செய்தார். குப்பை வண்டி வந்தது. அணுசக்தி நிலையத்துக்காகக் காலனியைக் காலி செய்யச் சொன்னபோது ஆண்டுக்கணக்கில் வழக்கும் போராட்டமுமாக நின்றார், டெல்லிவரை போனார். 1976ல், நெருக்கடி நிலைக் காலத்தில், காலனியை இடித்துச் சுமார் 70,000 பேரைச் சீட்டா கேம்ப்புக்கு அள்ளிப் போட்டார்கள். தோற்றுப் போனவர் வீட்டோடு இருந்திருக்கலாம். அவரோ 1974ல் தொடங்கிய தேசியக் குடிசைவாழ் மக்கள் கூட்டமைப்பைக் கையிலெடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். தாராவியிலும் நடைபாதைவாசிகளிடமும் வேலை செய்தார். அரசு நம்மை எண்ணுவதற்கு முன்னால் நாமே நம்மை எண்ணிக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய வழி: ஒவ்வொரு குடிசையாகப் போய், எத்தனை பேர், எந்த ஆண்டு வந்தார்கள், என்ன காகிதம் இருக்கிறது என்று மக்களே எழுதுவது. அந்த வழி பிறகு தென்னாப்பிரிக்காவரை போனது. 2000ல் மகசேசே விருது, 2011ல் பத்மஸ்ரீ. 2018ல் மறைந்தார். அவர் யாரிடமும் இரண்டாவது கேள்வியைக் கேட்கவில்லை. எந்த ஊர் என்பதோடு நிறுத்திக்கொண்டவர். நம் தமிழ் அமைப்புகளின் வரலாற்றில் அவருக்கு ஓர் அத்தியாயம் தரலாமா என்று இன்னும் தயங்குகிறோம், அவர் தமிழ் அமைப்பு எதுவும் நடத்தவில்லையே என்று.

கடல் கடந்த கதையிலும் இதே சாயல் உண்டு. 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தமிழ்நாட்டுக்கு அகதிகள் வந்தார்கள். அடுத்த ஆண்டே, இலங்கைத் தமிழ்த் தலைவர் தந்தை செல்வாவின் மகன் சந்திரகாசன் முன்னின்று, அகதிகளே தங்களுக்காக ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தை நிறுவினார்கள். முகாம்களில் பாடம் சொல்லிக் கொடுத்தவர்களும் மருந்து கொடுத்தவர்களும் முகாமில் இருந்தவர்களே. 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூபவுண்ட்லாந்து கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை மீனவர்கள் மீட்டார்கள். அவர்களைத் தொடர்ந்து டொராண்டோவில் வளர்ந்த சமூகம், குளிருக்குக் கோட்டு எங்கே வாங்குவது என்பதிலிருந்து விசாரணைக்கு எந்தக் காகிதம் வேண்டும் என்பதுவரை ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்துத்தான் வேரூன்றியது. கனடாவில் 1979 முதல், சாதாரணக் குடிமக்கள் ஐந்து பேர் சேர்ந்தால் ஓர் அகதிக் குடும்பத்தைத் தங்கள் பொறுப்பில் வரவழைக்கச் சட்டம் வழி செய்தது. முதல் ஓராண்டுச் செலவும் துணையும் அவர்களுடையவை. அங்கே சட்டம் போட்டுச் செய்வதை இங்கே சட்டமில்லாமல் செய்தோம். சட்டம் இருந்திருந்தால் யாருக்குச் செய்வது என்று தேர்ந்தெடுக்கும் வசதி நமக்குக் கிடைத்திருக்காது.

2020 நம் எல்லாருக்கும் நினைவிருக்கும். ஏப்ரல் 1ஆம் தேதி தாராவியில் முதல் கொரோனா தொற்று. வேலை போனது, பொதுக் கழிப்பறை வரிசையே பயமானது. ஊருக்குப் போய்விடலாம் என்று ஆயிரக்கணக்கானோர் துடித்தார்கள். இ-பாஸ் விண்ணப்பம் ஆங்கிலத்தில், கைபேசியில். அப்போது இளைஞர்கள் சிலர் சந்து சந்தாகப் போய், ஆதார் எண்ணை வாங்கி, விண்ணப்பம் போட்டு, பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் பட்டியல் தயாரித்தார்கள். அரிசிப் பையைத் தோளில் சுமந்து வீட்டுக்கு வீடு வைத்தார்கள். சங்கக் கட்டடங்கள் பல பூட்டிக் கிடந்த நாட்கள் அவை. வாட்ஸ்அப் குழுக்கள்தான் சங்கமாயின. போய்ச் சேர்ந்தவர்களைத் தமிழ்நாட்டில் அன்றாட அறிக்கையில், மகாராஷ்டிராவிலிருந்து வந்தவர்கள் என்று தனியாக எண்ணினார்கள். சொந்த ஊர் அவர்களைப் புதியவர்களாகப் பார்த்தது. திருநெல்வேலிக்கு அருகே கங்கைகொண்டான் சோதனைச் சாவடியில் நிறுத்தப்பட்டவர்களில் பலர் தாராவியிலேயே பிறந்தவர்கள்.

இப்போது தாராவி மறுசீரமைப்பு நடக்கிறது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்தவருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பின் 2011வரை வந்தவருக்குத் தாராவிக்கு வெளியே, பணம் கட்டி. மாடியில் குடியிருப்பவருக்கு வெளியே வாடகை வீடு. எல்லாம் காகிதத்தில் நிற்கிறது. அப்பா பெயரில் ரேஷன் கார்டு, மகன் பெயரில் மின் கட்டணம், ஃபோட்டோ பாஸில் தாத்தா, பெயரின் எழுத்து மூன்றிலும் மூன்று விதம். மராத்தியில் ஒரு மாதிரி, ஆங்கிலத்தில் ஒரு மாதிரி, தமிழ்ச் சான்றில் ஒரு மாதிரி. இவை எல்லாம் ஒரே குடும்பத்தின் பெயர்கள்தான் என்று நிரூபிக்கப் பிரமாணப் பத்திரம் எழுத வேண்டும். வக்கீல் கேட்கும் தொகை ஒரு மாதச் சம்பளம்.

ஆகவே மலர்க் குழுவினருக்கும் நிர்வாகிகளுக்கும் என் விண்ணப்பம் இதுதான். விழா முடிந்ததும் சங்க மண்டபத்தை ஞாயிற்றுக்கிழமை காலைகளில் திறந்துவையுங்கள். மராத்தி எழுதத் தெரிந்த நம் பிள்ளைகள் இப்போது ஏராளம். நாலு பேரை மேசையில் உட்காரவையுங்கள். ஒரு ஜெராக்ஸ் இயந்திரம், ஒரு ஸ்கேனர். பழைய சங்க ரசீதுகளையும் சந்தாப் புத்தகங்களையும் தேடி எடுத்து வரிசைப்படுத்துங்கள். 1980ல் இன்னார் இந்தச் சந்தில் குடியிருந்து சந்தா கட்டினார் என்பதற்கு வேறு சாட்சி இல்லாத குடும்பங்களுக்கு அவை துணைச் சான்றாக உதவக்கூடும். உதவாமலும் போகலாம், ஆனாலும் எடுத்து வையுங்கள். வருகிறவர் நம் சங்கத்தில் உறுப்பினரா, எந்தச் சந்து, யார் வீடு என்று மட்டும் கேட்காதீர்கள்.